கம்ப்யூட்டர் லேத்தும் ஒரு சந்தனப் பொட்டும்

கடப்பாக்கத்தை விட்டு வடக்கே நடந்துகொண்டிருந்தேன். தோளில் ஒரு ரெக்ஸின் பை. பகல் பதினொரு மணி இருக்கும். கிழக்குக் கடற்கரைச் சாலையை அப்போதுதான் அகலப்படுத்தி முடித்திருந்தார்கள். தாரின் கறுப்பு இன்னும் வெளுக்கவில்லை. பின்னால் வந்த பஸ் ஒன்று என் அருகில் வேகம் குறைத்தது. நான் கையைத் தூக்கவில்லை என்றதும் போய்விட்டது. ஏறியிருக்கலாம். காலையில் வேலைக்குப் போன நண்பன் பாதி வழியில் திரும்பி, பின்னாலேயே வந்து கூப்பிடுவான் என்று நினைத்து நடந்தேனா, வந்துவிடக் கூடாது என்று நடந்தேனா, எனக்கே தெரியவில்லை.

ஊரை விட்டுக் கிளம்புவது எனக்குப் புதிதில்லை. ஒன்பதாவது பாதியில் பள்ளிக்கூடத்தை விட்டுக் கிளம்பியவன். ராணிப்பேட்டையில் வார்ப்புப் பட்டறை, ஓசூரில் ஸ்க்ரூ கம்பெனி, பூந்தமல்லியில் ஒரு வருஷம், திருச்சியில் எட்டு மாசம். சம்பளம் வரவில்லை, மேஸ்திரி அடித்தான், படுக்க இடமில்லை என்று ஒவ்வோர் இடத்தையும் விட்டதற்கு ஒரு காரணம் சொல்ல முடியும். சில இடங்களில் காரணமே இல்லாமல் சலித்துப்போனது. கடப்பாக்கத்தை விட்டதற்குக் காரணம், ஒருவன் என்னிடம் மன்னிப்புக் கேட்டது.

“என்னால உன்னோட மூணு வருஷம் வீணாப் பூட்ச்சி மச்சான். மனசுல வெச்சிக்காத” என்றான். வாசற்படியில் நின்று, ஒரு கையில் டிபன் பாக்ஸைப் பிடித்துக்கொண்டு, வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் சொன்னான். வீணானதற்குக் காரணம் நான். அது அவனுக்குத் தெரியாது. தெரியாமல் பார்த்துக்கொண்டதும் நான்தான்.

அவனை நான் முதலில் பார்த்தது செங்கல்பட்டில். தொண்ணூறுகளின் கடைசி. ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு கடைசல் பட்டறையில் டர்னராக இருந்தேன். பித்தளையில் இரண்டு சின்னச் சக்கரம் வேண்டும், இரண்டும் ஒரே அளவாக இருக்க வேண்டும் என்று காகிதத்தில் படம் போட்டுக்கொண்டு வந்தான். கடைந்து கொடுத்தேன். மறுநாள் திரும்பி வந்தான். ஒன்றைவிட இன்னொன்று ஒரு முடியளவு பெரிது. திரும்பக் கடைந்தேன். மூன்றாம் தடவையும் வந்தான். எனக்குக் கோபம் வந்து, இதற்கு மேல் வேண்டுமானால் உன் கையாலேயே கடைந்துகொள் என்றேன்.

அவன் கோபப்படவில்லை. “உன் கைய கொற சொல்லல. கைன்னாலே ரெண்டு தபா ஒரே மாரி வராது. கம்ப்யூட்டரு திருப்புனா வரும்” என்றான்.

நான் சிரித்தேன். கம்ப்யூட்டரை நான் அதுவரை ரயில்வே ரிசர்வேஷன் கவுண்டரில்தான் பார்த்திருந்தேன். அது டிக்கெட் அடிக்கும் என்று தெரியும். லேத்தின் கைப்பிடியைத் திருப்பும் என்று தெரியாது.

அவன் மதுராந்தகத்தில் ஒரு சர்வீஸ் கடையில் வேலை பார்த்தான். ஆபீஸ்களுக்குப் போய் கம்ப்யூட்டர், ப்ரிண்டர், யூபிஎஸ் ரிப்பேர் செய்யும் வேலை. அவனுடைய அப்பாவும் அம்மாவும் மதுராந்தகம் ஏரித் தண்ணீர் பாயும் வயல்களில் அடுத்தவர்களுக்கு நாற்று நட்டவர்கள். வேதக்காரக் குடும்பம், சபைப் பள்ளிக்கூடத்தில் படித்து, டிப்ளமா முடித்த முதல் ஆள் அவன். ஆனால் டிப்ளமாவை யாரும் மதிக்கவில்லை. ஆபீஸ்களில் அவனை ‘ப்ரிண்டர் துடைக்கிறவன்’ என்று கூப்பிட்டார்கள். தன் தலையில் இருப்பதை வைத்து, தன் கையால், கம்ப்யூட்டரே ஓட்டுகிற ஒரு லேத்தைச் செய்து நிறுத்த வேண்டும் என்பதுதான் அவனுக்கு வேண்டியிருந்தது. அதைப் பெரிய வார்த்தைகளில் சொல்லமாட்டான். “ஓடுச்சின்னா போதும்” என்பான். அந்த லேத் ஓடினால் அவன் வேறு ஆள். ஓடவில்லை என்றால் ப்ரிண்டர் துடைக்கிறவன்.

நான் பட்டறையை விட்டு அவனோடு போனேன். சம்பளம் கிடையாது. சாப்பாடும் படுக்க இடமும் உண்டு. கடப்பாக்கத்தில் அவன் மனைவி வீட்டுக்குப் பின்னால் ஒரு ஆஸ்பெஸ்டாஸ் ஷெட். இறந்துபோன மாமனார் வலையும் எஞ்சினும் போட்டு வைத்திருந்த இடம். நான் அங்கேயே படுத்துக்கொண்டேன். கோடையில் ஷீட் கொதிக்கும், மழையில் ஆணித் துளை வழியாக ஒழுகும். இதைவிட மோசமான இடங்களில் படுத்திருக்கிறேன்.

செங்கல்பட்டுக் காயலான் கடையில் நாலரை அடி லேத் ஒன்று மழையில் நனைந்துகொண்டு கிடந்தது. கியர் பாக்ஸ் போய்விட்டது, அடியில் நீளமாக ஓடும் இரும்புத் தளமான பெட் நன்றாக இருந்தது. டெம்போவில் ஏற்றி வந்தோம். நன்றாக இருந்தது என்று நான் சொன்னதும் முழு உண்மை இல்லை. கடைகிற துண்டைக் கவ்விச் சுற்றும் சக் பக்கம் பெட் தேய்ந்து குழிவிழுந்திருந்தது. நீல மை தடவி, சமப்பலகையை வைத்து இழுத்து, மை ஒட்டிய மேடுகளை மட்டும் ஸ்க்ரேப்பரால் சுரண்டி எடுக்க வேண்டும். நாற்பது நாள் சுரண்டினேன். உப்புக் காற்று வேறு. ஒரு ராத்திரி எண்ணெய் தடவாமல் விட்டால் காலையில் பெட் முழுக்கச் செம்புள்ளி.

மோட்டாருக்கு அவன் பழைய ப்ரிண்டர்களை உடைத்தான். ப்ரிண்டரில் தாளை நகர்த்தும் மோட்டார், ஒவ்வொரு சின்ன அடியாக எண்ணி எண்ணிச் சுற்றும். கம்ப்யூட்டர் நூறு அடி என்றால் நூறு அடி. ஆனால் தாளை இழுக்கிற மோட்டார் இரும்பை இழுக்குமா? வெட்டுகிற டூலைச் சுமந்து பெட் மேல் நகரும் கேரேஜில் மாட்டியதும் நாலைந்து தடவை முனகியது, பிறகு சும்மா நின்றுகொண்டு சூடாகியது. மூன்று மாதம் அதோடு மல்லுக்கட்டினோம். கடைசியில் அவன் மெட்ராஸ் போய், கழித்துக்கட்டின எம்பிராய்டரி மெஷினிலிருந்து பெரிய மோட்டார் இரண்டு வாங்கி வந்தான். ஒவ்வொன்றும் உரித்த தேங்காய் அளவு. ஒன்று கேரேஜை நீளவாக்கில் நகர்த்த, ஒன்று டூலைக் குறுக்கே நகர்த்த.

என் பங்கு, கேரேஜை நகர்த்தும் திருகில். பழைய லேத் திருகில் எப்போதும் கொஞ்சம் ஆட்டம் இருக்கும். கையால் திருப்புகிறவனுக்கு அது தெரியும், கொஞ்சம் பின்னால் போய் முன்னால் வருவான். கம்ப்யூட்டருக்கு அது தெரியாது. நட்டை இரண்டாக அறுத்து நடுவில் ஸ்பிரிங் வைத்தால், ஒரு பாதி இந்தப் பக்கமும் இன்னொரு பாதி அந்தப் பக்கமும் திருகை அழுத்திப் பிடிக்கும், ஆட்டம் போய்விடும் என்று எனக்குத் தோன்றியது. கன்மெட்டல் என்கிற வெண்கலக் கலவையில் செய்தேன். அதை அவன் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். ஒன்பதாவது முடிக்காதவனுக்கு எப்படித் தோன்றியது என்று அவன் யோசித்திருக்கலாம். என் வாழ்க்கையில் நான் யோசித்து நன்றாக வந்த பொருள் அது ஒன்றுதான்.

ப்ரோகிராம் முழுவதும் அவனுடையது. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து வரும் பழைய கம்ப்யூட்டர். ப்ரிண்டர் மாட்டுகிற இடத்தில் ஒயர்களைச் செருகி மோட்டாருக்கு இழுத்திருந்தான். பஸ்ஸில் வரும்போது நோட்டில் எழுதிக்கொண்டு வந்து, சாப்பிட்ட கையோடு அடிப்பான். முதல்முதலாக டூலுக்குப் பதில் பால்பாயிண்ட் பேனாவைக் கட்டி, காலண்டர் அட்டையை அடியில் வைத்தோம். பேனா அரைவட்டம் போட்டது. அவன் மனைவி, பக்கத்து நர்சரிப் பள்ளியில் டீச்சர், அட்டையை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தாள். “எங்க எல்கேஜி புள்ள இத்தவிட நல்லா போடும்” என்றாள். ஆனால் அந்த அட்டையை வீட்டுக்குள் கொண்டுபோய் மாட்டிவைத்தாள்.

இனிமேல் சொல்வதற்கு ‘கண்ணு’ என்றால் என்ன என்று தெரிய வேண்டும். கம்ப்யூட்டரை நிறுத்திப் போட்டால், கேரேஜ் எங்கே நிற்கிறது என்று அதற்குத் தெரியாது. அதனால் ஒவ்வொரு தடவையும் வேலை ஆரம்பிக்கும்முன் கேரேஜ் வலது கோடிக்குப் போய் நிற்க வேண்டும். அங்கிருந்துதான் எண்ண ஆரம்பிக்கும். கோடி வந்துவிட்டது என்று சொல்வதற்கு ப்ரிண்டரிலிருந்து கழற்றிய சின்னப் பொருள் ஒன்றை அவன் பொருத்தினான். சுண்டுவிரல் நகம் அளவு. நடுவில் ஒரு பிளவு. பிளவின் ஒரு பக்கத்திலிருந்து கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம் வரும், எதிர்ப்பக்கம் அதைப் பார்த்துக்கொண்டிருக்கும். கேரேஜில் இருக்கும் தகடு வந்து பிளவில் நுழைந்து வெளிச்சத்தை மறைத்தால் கோடி வந்துவிட்டது என்று அர்த்தம். அதற்குக் கண்ணு என்று பெயர் வைத்தோம்.

இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. முதலில் சவுக்குக் கட்டை கடைந்தோம், பிறகு அலுமினியம், பிறகு கன்மெட்டல். ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவன் சபையிலிருந்து வந்த வெள்ளைச் சட்டையோடேயே உட்கார்ந்து, பத்து புஷ் கடைந்தோம். கண்ணாடி இழைப் படகுகளில் நீளமான ராடு எஞ்சினிலிருந்து தண்ணீருக்குள் போகும். அந்த ராடு உள்ளே நின்று சுற்றும் உறைதான் புஷ். மணல் அரித்து சில மாதத்திலேயே தேய்ந்துவிடும். பத்தையும் வெர்னியரில் அளந்தேன். பத்தும் ஒன்று. என் கையில் இருபது வருஷமானாலும் வராது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது, என் கையையும் ஒரு தடவை பார்த்துக்கொண்டேன்.

சதுரங்கப்பட்டினத்தில் படகு எஞ்சின் ரிப்பேர் ஷெட் வைத்திருந்த ஒருவர் அந்தப் புஷ்ஷைப் பார்த்தார். கரையோரம் பல ஊர்ப் படகுகளும் அவரிடம்தான் வரும். புஷ்ஷை விரலில் மாட்டிச் சுழற்றிப் பார்த்துவிட்டு, ஓடுவதை நேரில் பார்க்க வேண்டும் என்றார். பார்த்துப் பிடித்தால் தன் ஷெட்டுக்கு வேண்டிய புஷ் எல்லாவற்றையும் எங்களிடமே போடச் சொல்வதாகச் சொன்னார். சர்வீஸ் கடை வேலையை விட்டுவிடலாம் என்று அவன் அன்றைக்குத்தான் வாய்விட்டுச் சொன்னான். எப்போது வரட்டும் என்று அவர் கேட்டதற்கு நாள் சொன்னவன் நான். சரஸ்வதி பூஜைக்கு மறுநாள், விஜயதசமி. புது வேலை ஆரம்பிக்க அதைவிட நல்ல நாள் கிடையாது என்றேன்.

பூஜையை அவன் போடமாட்டான், நான் போடுவதைத் தடுக்கவும் மாட்டான். முந்தின இரண்டு வருஷமும் அரைகுறை லேத்துக்கு நான்தான் போட்டேன். இந்த வருஷம் பூஜை அன்றைக்கு ஆபீஸ்கள் லீவு. ஆனாலும் அவன் ஷெட்டுக்குள் வரவில்லை. உன் சாமி காரியத்தை நீ பாரு என்று சிரித்துவிட்டு வீட்டில் இருந்தான்.

கெரசின் போட்டுத் துடைத்தேன். பெட்டை முழுக்கத் துடைப்பதற்காகக் கேரேஜைக் கையால் திருப்பி இடது பக்கம், சக்குக்குக் கிட்டே தள்ளினேன். காலியான வலது பக்கத்தில் வாழை இலை போட்டுப் பொரி, கடலை, பழம் வைத்தேன். பட்டறைகளில் எனக்குப் பழகின வழக்கம் ஒன்று உண்டு. உழைக்கிற பாகம் எதையும் பொட்டு வைக்காமல் விடக் கூடாது. விட்டால் அந்த வருஷம் அதுதான் மக்கர் செய்யும் என்பார்கள். சக்கின் மூன்று தாடைக்கும், டூலைப் பிடித்திருக்கும் டூல் போஸ்டுக்கும், இரண்டு மோட்டாருக்கும், என் நட்டுக்கும், கம்ப்யூட்டரின் நெற்றிக்கும் சந்தனம் வைத்து மேலே குங்குமம் வைத்தேன். கடைசியில் கண்ணு ஞாபகம் வந்தது. உழைக்கிற பாகங்களில் அதுதான் சின்னது. அதற்கும் வைத்தேன். விரல் பெரிது, கண்ணு சின்னது. சந்தனம் தண்ணீராகத்தான் இருந்தது. நான் பார்த்துவிட்டுத்தான் வைத்தேன், நன்றாக இருக்கிறது என்றுகூட நினைத்தேன்.

சாயந்தரம் அவன் வாசலில் வந்து நின்றான். நாளைக்கு ஆள் வருவதற்கு முன்னால் ஒரு தடவை ஓட்டிப் பார்க்கலாம் என்றான். நான் விடவில்லை.

“பூஜ போட்ட மிஷினத் தொடக்கூடாது. காலைல கற்பூரம் காட்டிட்டுதான்.”

“ஒரே ஒரு தபா மச்சான். வூட்டுல யாரும் பாக்கல.”

“மிஷினு பாக்குதுல்ல.”

அவன் சிரித்துக்கொண்டு போய்விட்டான். என் பேச்சுக்கு மரியாதை கொடுத்துப் போனான். அவனுடைய சாமி இல்லை, அவனுடைய வழக்கம் இல்லை. நான் ஓட்ட விட்டிருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும்.

மறுநாள் காலையில் ரிப்பேர் ஷெட்காரர் மோட்டார் பைக்கில் வந்தார். தடித்த ஆள், யாரைப் பார்த்தாலும் நைனா என்பார். நான் கற்பூரம் காட்டினேன். இலையை எடுத்தேன். சக்கில் கன்மெட்டல் துண்டை மாட்டினேன். அவன் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து, முதலில் கேரேஜைக் கோடிக்கு அனுப்பும் கட்டளையை அடித்தான். அடித்ததும் திரையில் ‘ரெடி’ என்று வந்தது. கேரேஜ் நகரவில்லை.

நகரவில்லை என்பதை நான் பார்த்தேன். அது இவ்வளவு வருஷமாக என் கூடவே வருகிறது. வழக்கமாகக் கேரேஜ் இழுத்துக்கொண்டு போகும் சத்தம் கேட்கும், அன்றைக்குக் கேட்கவில்லை. என்னமோ சரியில்லை என்று மனசில் பட்டது. ஆனால் ஷெட்காரர் என் பக்கம் திரும்பி, இது எத்தனை குதிரை மோட்டார் என்று கேட்டார். நான் அவருக்குப் பதில் சொன்னேன். அதற்குள் அவன் அடுத்த பொத்தானை அடித்துவிட்டான்.

கண்ணு சந்தனத்தால் அடைபட்டிருந்தது. வெளிச்சம் மறைந்திருந்ததால் கேரேஜ் கோடியில் நிற்பதாகக் கம்ப்யூட்டர் எடுத்துக்கொண்டது. அது நின்றது சக்குக்கு நாலு விரல் தூரத்தில். கோடியிலிருந்து எவ்வளவு தூரம் இடது பக்கம் போக வேண்டுமோ அவ்வளவு தூரம் போ என்று ப்ரோகிராம் சொன்னது. அது சரியாகத்தான் சொன்னது. டூல் போஸ்ட் சுற்றுகிற சக்குக்குள் போனது. பெரிய சத்தம். டூல் உடைந்து ஒரு சில்லு அவன் புருவத்தில் பட்டது. சக்கின் ஒரு தாடை விரிசல் விட்டது. கன்மெட்டல் துண்டு தெறித்து ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டில் ஓட்டை போட்டுக்கொண்டு வெளியே போய் விழுந்தது. மோட்டார் நிற்காமல் உறுமியது. மெயினை நான் பிடுங்கினேன்.

ஷெட்காரர் சுவரோடு ஒட்டி நின்றிருந்தார். “கம்ப்யூட்டரு கணக்கெழுத கீது நைனா. லேத்துல ஏன் கொண்டாந்து வெக்கிற? ஆளு செத்திருப்பான்” என்றார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அவன் புருவத்தில் ரத்தம் வழிய அவரைப் பைக் வரைக்கும் கொண்டுபோய் விட்டான்.

அந்த இடைவெளியில்தான் நான் கண்ணைப் பார்த்தேன். காய்ந்த சந்தனமும் குங்குமமும் பிளவை நிரப்பியிருந்தன. பார்த்த மாத்திரத்தில் எல்லாம் விளங்கிவிட்டது. கையில் வேஸ்ட் துணி இருந்தது. துடைத்தேன். பிளவுக்குள் குச்சி விட்டுச் சுத்தமாக எடுத்தேன். யோசித்துச் செய்யவில்லை, கை தானாகச் செய்தது என்று பல வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். குச்சியைத் தேடி எடுப்பதற்கு யோசிக்கத்தானே வேண்டும். திரும்பியபோது அவன் மனைவி டீ தட்டோடு வாசலில் நின்றிருந்தாள்.

அவன் வந்தான். கேரேஜைப் பின்னால் இழுத்துவிட்டு, கோடிக்குப் போகும் கட்டளையை அடித்தான். கேரேஜ் ஒழுங்காகப் போய் நின்றது. இன்னொரு தடவை அடித்தான். அப்போதும் ஒழுங்காகப் போனது. பத்துத் தடவை அடித்திருப்பான்.

“ப்ரோகிராம்லதான் எங்கியோ தப்பு கீது” என்றான். “எப்பவோ ஒருக்கா வர்ற தப்பு. அதான் கண்டுபுடிக்க முடியல.”

நான் அப்போது சொல்லியிருக்க வேண்டும். ஒரே வாக்கியம். அவன் என்னைத் திட்டியிருப்பான், இரண்டு நாள் பேசாமல் இருந்திருப்பான், கண்ணுக்கு ஒரு மூடி செய்து மாட்டியிருப்போம். ஷெட்காரரிடம் போய்க் கையைக் காலைப் பிடித்து இன்னொரு தடவை கூப்பிட்டிருக்கலாம். இவ்வளவுதான். ஆனால் அவனைப் போன்ற ஒருவன் முன்னால், மெஷினுக்குப் பொட்டு வைத்துக் கெடுத்தவன் என்று நிற்பதற்கு எனக்கு வெட்கமாக இருந்தது. படிக்காதவன் புத்தி என்று அவன் சொல்லியிருக்கமாட்டான். ஆனாலும் நான் அதற்குத்தான் பயந்தேன்.

தாடையை மாற்றினேன், வளைந்த திருகை நிமிர்த்தினேன். அவன் ப்ரோகிராமை ஓரத்தில் ஓட்டை போட்ட நீளத்தாளில் அடித்து எடுத்து, ஷெட்டின் குறுக்கே கயிறு கட்டித் தொங்கவிட்டு, வரிவரியாகப் படித்தான். இல்லாத தப்பைத் தேடினான். தேடினால் ஏதாவது கண்ணில் படத்தானே செய்யும். சரியாக இருந்த வரியைச் சந்தேகப்பட்டு மாற்றினான். மாற்றியதால் இன்னொரு இடம் பிசகியது. அதைச் சரிசெய்ய வேறொன்றை மாற்றினான். இரண்டு மாதத்தில் ப்ரோகிராம் நிஜமாகவே கெட்டுப்போனது. பத்து புஷ்ஷும் ஒன்றாக வந்த லேத்தில் ஒன்றுகூட அளவுக்கு வரவில்லை. ஒவ்வொரு நாளும் நான் பக்கத்தில் நின்று சக்கைத் துடைத்துக்கொண்டிருந்தேன். நேற்றே சொல்லியிருக்கலாமே, இன்றைக்குச் சொன்னால் நேற்று ஏன் சொல்லவில்லை என்பானே என்று ஒவ்வொரு நாளும் தள்ளிப்போட்டேன்.

அது லேத்தோடு நிற்கவில்லை. மதுராந்தகத்திலும் அவன் செய்த வேலையை அவனே நம்பாமல் போனான். ஒரு பாங்கில் யூபிஎஸ் மாட்டிவிட்டு பஸ் ஏறி, பாதி வழியில் இறங்கி, ஒயர் சரியாக முறுக்கினோமா என்று பார்ப்பதற்குத் திரும்பப் போனானாம். அவன் மனைவிதான் சொன்னாள்.

இன்னொன்றும் அவள் கேட்டாள். மாசி மாதம், துணி காயப்போட வந்தவள், ஷெட் வாசலில் நின்றாள்.

“அண்ணா, அன்னிக்கி அவுரு பைக்காண்ட போனப்போ, நீங்க துணிய வெச்சி இன்னாத்த தொடச்சிகினு இருந்தீங்க?”

“எண்ண” என்றேன்.

“எண்ணயா” என்றாள். பிறகு வாளியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அதற்கப்புறமும் எனக்குச் சாப்பாடு அவள்தான் போட்டாள். முன்பு தட்டில் மீன் துண்டை அவளே எடுத்து வைப்பாள். அதற்குப் பிறகு குழம்புச் சட்டியை என் பக்கம் நகர்த்திவைத்துவிட்டுப் போனாள்.

பங்குனியில் அவன் மோட்டார்களைக் கழற்றினான். சண்டை எதுவும் இல்லை. ஓடாது மச்சான், எனக்கு அந்த அளவுக்குத் தலை இல்லை என்றான். கண்ணையும் கழற்றி, சோப்பு டப்பாவில் போட்டு வைத்தான். காயலான் கடைக்காரன் வந்து பெட்டைச் சங்கிலி கட்டி இழுத்துப்போனான். நான் நாற்பது நாள் சுரண்டிய பெட். சாலையில் உரசிக்கொண்டு போகும்போது நெருப்புப் பொறி பறந்தது. அடுத்த நாள் நான் பையை எடுத்துக்கொண்டேன். அப்போதுதான் வாசற்படியில் அந்த மன்னிப்பு. தலையை ஆட்டினேன். அவன் மதுராந்தகம் பஸ்ஸுக்கு ஓடினான்.

அன்றைக்குச் சாயங்காலம் வரை நடந்தேன். உப்பளங்கள், சவுக்குத் தோப்புகள், கழிமுகத்துப் பாலம். ஒரு இடத்தில் செங்கல் லாரிக்காரன் ஏற்றிக்கொண்டு கூவத்தூரில் இறக்கிவிட்டான். பஸ் நிழற்குடையில் படுத்தேன். காலையில் டீ குடித்துவிட்டு, கடை திறக்கும் நேரம் வரைக்கும் காத்திருந்து, எஸ்டிடி பூத்தில் நுழைந்து சர்வீஸ் கடை நம்பரைச் சுழற்றினேன். அவனே எடுத்தான்.

எங்கே இருக்கிறாய், சாப்பிட்டாயா என்று கேட்டான். சாப்பிட்டேன் என்றேன். பிறகு, மனசில் வரிசையாக அடுக்கி வைத்திருந்ததில் முதல் வரியைச் சொன்னேன்.

“மச்சான், உன் ப்ரோகிராமு சரியாதான் இருந்திச்சி. அதுல தப்பே கெடையாது.”

அந்தப் பக்கம் சிரித்தான். சந்தோஷச் சிரிப்பு இல்லை, என்னைத் தேற்றுகிற சிரிப்பு.

“ஆறுதலு சொல்றதுக்கு காசு போட்டு போன் பண்றியா? வுடுடா. நா மறந்துட்டேன். நீ எங்கனா நல்ல எடமா சேந்துடு” என்றான்.

அடுத்த வரி என் வாயில் இருந்தது. யாரோ வாடிக்கையாளர் வந்திருக்கிறார் போல, பக்கத்தில் யாரிடமோ பேசினான். வைக்கட்டுமா என்றான். சரி என்றேன். வைத்துவிட்டான். திரும்ப நம்பரைச் சுழற்ற வேண்டும் என்று ரிசீவரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். பூத்காரர் முடிந்ததா என்று கேட்டார். முடிந்தது என்றேன்.

அங்கிருந்து மாமல்லபுரம் பக்கமாக ஒரு மணி நேரம் நடந்தால், கடலை ஒட்டி ஒரு இறால் குஞ்சு பொரிக்கும் பண்ணை. கேட்டில் ஆள் தேவை என்று அட்டை தொங்கியது. சூப்பர்வைசர் என் கையைப் பார்த்தார். விரல் இடுக்குகளில் எண்ணெய்க் கறுப்பு போகவே போகாது. மிஷின் வேலை பார்த்தவனா, பம்ப் ரூமுக்கு ஆள் வேண்டும், சம்பளமும் கூடுதல் என்றார்.

“மிஷின் வேல தெரியாதுங்க” என்றேன்.

வேறு என்ன தெரியும் என்று கேட்டார். எது கொடுத்தாலும் செய்கிறேன் என்றேன். அவர் ஒரு தேங்காய் நார் பிரஷையும் ஒரு ப்ளீச்சிங் பவுடர் வாளியையும் காட்டி, வரிசையாக இருந்த காலி சிமெண்ட் தொட்டிகளைக் கையால் சுட்டினார். பாசி ஒரு பொட்டு இருக்கக் கூடாது, இருந்தால் குஞ்சு சாகும் என்றார். பேண்ட்டை முழங்கால் வரைக்கும் சுருட்டிக்கொண்டு முதல் தொட்டிக்குள் இறங்கினேன்.